மாதையன் வீட்டு இரண்டாவது கதவு

கோர்ட்டில் அமீனாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். தீர்ப்பை எழுதுகிறவர் நீதிபதி. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறவர் நீங்கள். வாரண்டை எப்படிப் பூர்த்தி செய்வது, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். வாசலில் நிற்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் எண்ணுவேன். எத்தனை ஆள், எத்தனை கதவு, எத்தனை நாய். சமையலறையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா. பக்கத்தில் கிணறு இருக்கிறதா, இருந்தால் அதற்கு மூடி இருக்கிறதா. வெளியேற்றப் போன இடத்தில் யாராவது குதித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். உடன் வரும் காவலர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் போன எந்த வீட்டிலும் யாரும் குதித்ததில்லை. ஆனால் போகும் ஒவ்வொரு முறையும் இன்றைக்குக் குதித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

இப்படி எண்ணும் பழக்கம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு உதவியது. உதவியதா, சிக்கலில் மாட்டிவிட்டதா என்று இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன்.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வீடு. அதை விற்பதாக ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கியவர் சக்திவேல் என்ற இளைஞர். ஓசூரில் வேலை. பணத்தை வாங்கியவர் பத்திரம் எழுதித் தராமல் இழுத்தடித்தார். வாங்க இருந்தவர் கம்பைநல்லூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் வழக்குப் போட்டார். சக்திவேல் கோர்ட்டுக்கு வரவே இல்லை. ஒருதலையாகத் தீர்ப்பு ஆனது. மண்டிக்காரர் மீதிப் பணத்தையும் கோர்ட்டில் கட்டிவிட்டார். கோர்ட்டே பத்திரம் எழுதிக் கொடுத்து, வீட்டை மண்டிக்காரரிடம் ஒப்படைக்கச் சொல்லி என்னிடம் வாரண்ட் வந்தது. வீட்டில் சக்திவேலின் சித்தப்பா ஒருவர் தங்கியிருக்கிறார் என்று மண்டிக்காரரின் வக்கீல் குமாஸ்தா முன்கூட்டியே சொன்னார். "விருந்தாளி மாதிரிதான் சார். ஒரு பெட்டி, ஒரு பாய். பத்து நிமிச வேலை."

பத்து நிமிஷ வேலை என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணுவேன்.

வேனில் போனவர்கள் ஒன்பது பேர். மண்டிக்காரர், அவர் மனைவி, குமாஸ்தா, சாமான் தூக்க நான்கு ஆட்கள், ஒரு காவலர், நான். மண்டிக்காரர் மனைவி மடியில் ஒரு புதுப் பாத்திரம். அதில் பால். காலடியில் சின்ன கேஸ் அடுப்பு. வீடு கைக்கு வந்தவுடனே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் ஆக வேண்டும்.

"ஆயிடுமுங்களா சார்?" என்று அந்த அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பார்க்கலாங்க" என்றேன். ஆகிவிடும் என்று நான் எந்த வாரண்டுக்கும் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

போய் இறங்கியபோது அந்தச் சித்தப்பா மாதையன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். ஒரு கால் கொஞ்சம் மடங்காமல் நின்றது. வீட்டின் முன்பக்கம் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே மரத்தில், அதே மாதிரிப் படியோடு இன்னொரு கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவில் ஆணியடித்துக் கண்ணாடியை மாட்டி, அதைப் பார்த்துதான் வழித்துக்கொண்டிருந்தார். நாய் இல்லை. கிணறு தூரத்தில் இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

"மாதையன் நீங்கதானுங்களா?"

"பாதி மாதையன் ரெடிங்க" என்றார், நுரை இருந்த கன்னத்தைக் காட்டி. "மீதியையும் வழிச்சிட்டு வரேன், இருங்க. என்னாங்க, ஒரு வேன் ஆளு வந்திருக்கீங்க? பொண்ணு பாக்க வந்தீங்களா? நா இன்னும் கட்டிக்கல, பேசலாம்."

சாமான் தூக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காவலரும் சிரித்தார். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. என் காதருகே வந்து, "சார், நான் ஒண்ணும் சொல்ல வேணாம். வூடு யாரோடதுன்னு அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

நியாயமான கேள்விதான். கேட்டேன்.

"எங்க பையனுதுங்க. சத்தி. எங்கண்ணன் மவன். ஓசூர்ல பெரிய கம்பெனியில இருக்கான். நா சும்மா காவலுக்குக் கெடக்கறேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. குமாஸ்தா மார்புக்கு நேராகச் செல்போனைப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "ரெக்கார்டு ஆயிடுச்சு சார்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கில் தோற்றவரின் தயவில் ஒருவர் அந்த வீட்டில் இருந்தால், தீர்ப்பு அவரையும் கட்டும். அவரை வெளியே நிறுத்திச் சாமானை எடுத்து வைக்கலாம். தன் சொந்த உரிமையில் இருப்பவர், வழக்கில் சேர்க்கப்படாதவர் என்றால் அவரைத் தொட முடியாது. அவர் சொல்லும் தடையை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று கோர்ட் விசாரிக்கும். ஆக, அன்றைக்கு மாதையன் அந்த வீட்டில் இருப்பதா தெருவில் இருப்பதா என்பது நான் அந்தத் தாளில் என்ன எழுதுகிறேன் என்பதில் இருந்தது. அவரோ தன் வாயாலேயே காவலுக்குக் கிடக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

"எழுதுங்க சார். மணி ஒம்போதே முக்கால் ஆவுது" என்றார் குமாஸ்தா.

எழுத வரவில்லை. நம் பக்கத்துக் குடும்பங்களில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள் 'என் வீடு' என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. சொன்னால், 'யாருக்குச் சேத்து வெக்கற?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்தோ, பாசத்திலோ, அண்ணன் மகன் பேரையோ தங்கை மகன் பேரையோ சொல்லிவிடுவார்கள். குமாஸ்தாவும் இந்தப் பக்கத்து ஆள்தான். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் அந்தக் கேள்வியை என் கையில் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தபோது கண்ணாடி மாட்டிய கதவு மறுபடி கண்ணில் பட்டது.

"இந்த ரெண்டாவது கதவு எதுக்குங்க?"

"கண்ணாடி மாட்ட ஒரு கதவு வேணுமில்லீங்களா" என்றார் மாதையன். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா வெச்சதுங்க. ரெண்டு பசங்க, ரெண்டு கதவு. பின்னால மருமவளுங்க சண்ட போட்டா நடுவுல ஒரு செவுரு வெச்சுக்கலாம்னு கணக்கு. இது எனக்கு. நா கட்டிக்கல. செவுரும் வெக்கல, கதவும் தொறக்கல" என்றார்.

"அண்ணனும் நீங்களும் பாகம் பிரிச்சீங்களா?"

"காடு கழனியப் பிரிச்சோம். எம் பங்க வித்து லாரி வாங்குனேன். தொப்பூர் எறக்கத்துல லாரியும் போச்சு, இந்தக் காலும் போச்சு. வூடு பிரிக்கல. அண்ணன் போயிட்டாரு, அண்ணியும் போயிட்டாங்க. யார்கிட்ட இருந்து யாருங்க பிரிக்கறது?"

"சார்!" குமாஸ்தா குறுக்கே வந்தார். "நீங்க அமீனாவா, ஜட்ஜா? வரி ரசீது யார் பேர்ல இருக்குதுன்னு கேளுங்க."

"எங்கண்ணன் பேர்லதாங்க" என்றார் மாதையன். "மூத்தவன் பேர்லதான இருக்கும்?"

"பாத்தீங்களா!"

குமாஸ்தா சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. நான் நீதிபதி இல்லை. உரிமை யாருக்கு என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. ஆனால் யாரை வெளியேற்றுகிறேன் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி வெளியேற்றுவது? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. அதில்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

"என்னா விசயங்க?" மாதையனுக்கு இப்போதுதான் சந்தேகம் வந்தது. "பேங்க்குக்காரங்களா? பையன் எதனா கட்டாம வுட்டுட்டானா?"

வாரண்டை வாசித்துக் காட்டினேன். கோர்ட் தமிழ் அவருக்குப் புரியவில்லை. மறுபடி சாதாரணமாகச் சொன்னேன். சக்திவேல் வீடு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்து விற்றுவிட்டார், வாங்கியவர் இவர், ஒப்படைக்க வந்தவன் நான். கேட்டுக்கொண்டே ரேசரைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

"இதுல பாதி எனக்குன்னு நா சொன்னா, பையன் பொய் சொல்லி வித்தான்னு ஆவுதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா திறந்தார். "ஆவுது பெரியவரே. மோசடி. எங்காளு ஒரு புகார் குடுத்தா உங்க பையன் உள்ள போவான். கம்பெனி வேலையும் போவும். பாத்துக்குங்க."

மாதையன் ரேசரைப் படியில் வைத்தார். "அப்ப எழுதிக்குங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நா கெளம்பறேன்" என்று உள்ளே போனார். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

சாமான் தூக்க வந்தவர்கள் பீடியை அணைத்தார்கள். மண்டிக்காரர் மனைவி பாத்திரத்தின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தார். காவலர் என் தோளைத் தட்டி, "அவரே போறேங்கறாரு. வுடுங்க சார், நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் இதைவிட ஆசை காட்டும் நேரம் வேறு கிடையாது. தடை இல்லை, சண்டை இல்லை, மேலதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்குத் தருமபுரி போய்விடலாம். 'தானாகவே காலி செய்தார்' என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பேனாவைத் தாளில் வைத்தேன். தானாகவா போகிறார்? என் கண்ணெதிரே ஒருவர் மிரட்டினார், அதனால் போகிறார். ஆனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொன்னால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஆகும். அந்தச் செல்போன் இன்னும் அணையவில்லை.

எனக்கு அனுமதி உள்ளது எது என்று மனதுக்குள் தேடினேன். ஒன்று இருந்தது. கையெழுத்து வாங்குவதை வாசித்துக் காட்டியே வாங்க வேண்டும். எழுதினேன். அவர் பெட்டியோடு வெளியே வந்ததும் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். 'இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. என் அண்ணன் மகனின் அனுமதியின் பேரில் இருந்தேன். இன்று வாங்கியவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுகிறேன்.'

"சரிங்க. எங்க போடணும்?"

"போடறதுக்கு முன்னால எதாவது கேக்கணுமுன்னா கேளுங்க. இங்க இருக்கற யாரை வேணுமுன்னாலும் கேக்கலாம். நா காத்திருக்கேன்."

"சார், மணி பத்தேகால்!" என்றார் குமாஸ்தா.

"ஆவட்டும்."

மாதையன் எங்கள் ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் வேனில் சாய்ந்து நின்ற மண்டிக்காரரைக் கேட்டார். "ஏங்க, உங்ககிட்ட வாங்குன பணத்துல பையன் ஓசூர்ல வூடு கீடு கட்டியிருக்கானுங்களா?"

மண்டிக்காரர் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். குமாஸ்தா கண்ணால் சாடை காட்டினார். ஆனால் அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இல்லீங்க. வூடு வாங்கியிருந்தா நான் ஏன் இத்தன நாளு அவனத் தேடி அலையறேன்? கம்பெனி வேலைய வுட்டு ரொம்ப நாளாச்சு. பணத்த எதுலயோ போட்டு வுட்டுட்டான். இப்ப யார் யார் ரூம்லயோ தங்கிட்டு இருக்கான்."

"உங்களுக்கு எதுக்கு இந்த வாயி?" என்று அவர் மனைவி பல்லைக் கடித்தார். "ஊரு ஒலகத்துல அரிச்சந்திரன் நீங்க ஒருத்தருதான்!"

மாதையன் கன்னத்தைத் தடவினார். பாதி முகத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு கையெழுத்துக்காக நான் கொடுத்த பேனாவை என்னிடமே நீட்டினார்.

"அப்ப அவன் எங்க வருவான்?"

கேட்டுவிட்டுப் பெட்டியைக் கதவுக்குள் தள்ளினார்.

"எழுதுங்க சார். பாதி என்னுது. எங்கப்பா குடுத்தது. அவன் பாதிய அவன் வித்துட்டான், அது அவன் தலையெழுத்து. எம் பாதிய நா வுட மாட்டேன். அது அவனுக்கு."

"பெரியவரே, பையன் உள்ள போவான்!" என்றார் குமாஸ்தா.

"தொப்பூர் எறக்கத்துல பிரேக்கு புடிக்காத லாரியில உக்காந்திருந்தவன்யா நானு. நீ ஆரன் அடிச்சு என்னய எறக்கப் பாக்கறியா? போவட்டும். உள்ள போனாலும் ஒரு நாளு வெளிய வருவானில்ல? வந்தா எங்க வருவான்?"

எழுதினேன். எழுதியதை அடிக்கவில்லை. முதலில் காவலுக்கு இருப்பதாகச் சொன்னார் என்பதையும் எழுதினேன். போகிறேன் என்று சொன்னதையும், குமாஸ்தா சொன்ன வார்த்தைகளையும், மண்டிக்காரரைக் கேட்ட கேள்வியையும், கிடைத்த பதிலையும், கடைசியில் பாதி தன்னுடையது என்று தடை செய்ததையும், எது முதலில் எது பிறகு என்ற வரிசை மாறாமல் எழுதினேன். குமாஸ்தா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அதையும் எழுதினேன். மண்டிக்காரர் போட்டார். போடும்போது, "நா கொள்ளையடிக்க வரலீங்க, முழுப் பணம் குடுத்தவன்" என்றார். எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ராகு காலம் பிறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. திரும்பும் வழியில் அந்த அம்மா பாலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். ஏமாற்றப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒருவரைத்தான் அன்றைக்கு என்னால் காப்பாற்ற முடிந்தது. அதுவும் கோர்ட் விசாரிக்கும் வரைக்கும்தான்.

நான் பயந்தது நடந்தது. அமீனா காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்று என் மேல் மனு வந்தது. விளக்கம் கேட்டார்கள். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வுக்கு மீதி இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணுவேன், எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணுவேன். குமாஸ்தா செல்போன் பதிவில் தனக்குத் தோதான பகுதியை மட்டும் கொடுத்தார். நீதிபதி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு என் அறிக்கையைப் பார்த்தார். பதிவில் இருந்தது அறிக்கையில் இருந்தது. பதிவில் இல்லாததும் அறிக்கையில் இருந்தது. மனு தள்ளுபடி ஆனது. ஒரு பக்கத்துக்கு வலுவானதை மட்டும் எழுதியிருந்தால், அது மாதையன் பக்கமாகவே இருந்தாலும், அன்றைக்கு நான் போயிருப்பேன். அவரும் போயிருப்பார். உங்களுக்கு இரக்கம் வந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள்.

மாதையனின் தடையைப் பற்றித் தனியாக விசாரணை நடந்தது. மண்டிக்காரர் பக்கத்துச் சாட்சியாகச் சக்திவேல் வந்தார். எந்த ஊரில் தேடிப் பிடித்தார்களோ தெரியாது. கூண்டில் ஏறி, "சித்தப்பாவுக்கு இந்த வீட்டில் எந்தப் பங்கும் கிடையாது. போக்கிடம் இல்லாதவர் என்று பாவம் பார்த்துத் தங்க வைத்தோம்" என்று சொன்னார். வேறு எப்படிச் சொல்வார்? மாற்றிச் சொன்னால் அவர் தலைதான் உருளும். மாதையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழு முகமும் வழித்திருந்தார்.

அப்பா விட்டுப்போன, பிரிக்காத வீட்டில் மாதையனுக்குப் பாதி உண்டு, அவரை வெளியேற்ற முடியாது, மண்டிக்காரர் வாங்கிய பாதிக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பின்னால் உத்தரவு வந்தது. புகார் எதையும் மண்டிக்காரர் கொடுக்கவில்லை. அவர் நல்ல மனிதர்.

ஆனால் நான் சொல்ல வந்தது உத்தரவைப் பற்றி இல்லை. சாட்சி சொன்ன அன்றைக்கு, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் மாதையன் இரண்டு டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். சக்திவேல் படியிறங்கி வந்தார். சித்தப்பா நிற்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டின் மறுபக்கமாகப் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துபோனார். நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. வழக்கு முடியாத நேரத்தில் ஒரு கட்சிக்காரரோடு அமீனா பேசக் கூடாது. சுற்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நகரப் போனேன். அவரே கூப்பிட்டார்.

"சார், அன்னிக்கு நா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருந்தா, இவன் இன்னிக்கு இந்த டீயக் குடிச்சிருப்பானில்லீங்க?"

"இருக்க வூடு இருந்திருக்காதுங்களே."

"வூடு இருக்குது" என்றார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்றைத் தொடவில்லை. "வெளிய தெருவ போனா சாவிய எங்க வெப்பேன்னு அவனுக்குத் தெரியும். நா எடத்த மாத்தல."

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓசூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று என்னால் எண்ண முடியவில்லை.